மார்கழிக்கு ஒரு கம்பளிச் சட்டை

மதுரையிலே இருந்துகொண்டு கம்பளிச் சட்டையைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுந்தால் படிப்போர் நகைப்பர் என்பதை யாம் அறியாமல் இல்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் வையையில் இறங்குங்கால், தோற்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சி வெப்பந் தணிக்கும் ஊர் இது. விசிறியும் மோரும் நுங்குமே இவ்வூர்க்கு உரியன. கம்பளி உரியதன்று என்று சொல்லிவிடுதல் எளிது. ஆயினும், சென்ற கார்த்திகை முதல் மார்கழி நடுப்பகுதி வரை எம் உள்ளத்தைப் பற்றிக்கொண்டு விடாதிருந்த வினா ஒன்று உண்டு. ரூ.14,500 விலை குறிக்கப்பெற்ற காஷ்மீரக் கம்பளிச் சட்டையொன்றை வாங்குதல் தகுமா, தகாதா என்பதே அவ்வினா. அதனை எவ்வாறு ஆராய்ந்தோம், எம்முடிபுக்கு வந்தோம் என்பதைக் கல்லூரி அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

வெப்ப நாட்டார்க்குக் குளிர் தெரியாது என்னும் கூற்று முழுதும் உண்மையன்று. ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த நம் முன்னோர் அவற்றுள் இரண்டனைப் பனிக்கே ஒதுக்கினர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. நெடுநல்வாடையைப் பயின்றவர்கள், மழையோடு வந்த வாடையில் கோவலர் கைகளை நெருப்பிற் காய்ச்சி நடுங்கும் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலே கோவலன் சுற்றிப் பார்த்த மதுரையின் அறுவை வீதியில், பருத்தி நூலாலும் பட்டாலும் ஆகிய ஆடைகளோடு மயிரால் நெய்த ஆடைகளும் அடுக்கி வைக்கப்பெற்றிருந்தன என்று இளங்கோவடிகள் குறிக்கின்றார். ஆகவே மயிராடையை விலைபேசும் மதுரையார் எம்மோடு தொடங்கவுமில்லை, எம்மோடு முடியப்போவதுமில்லை.

நிற்க. இச்சட்டையை யாம் எமக்காக விரும்பினோமல்லோம். எம் அப்பத்தாவுக்காக விரும்பினோம்.

எம் ஊராகிய கீழக்குயில்குடி மதுரைக்கு மேற்கே, சமணர் மலையின் அடியில் உள்ளது. தாமரைக் குளமும், அதன் கரையில் ஐயனார் கோயிலும், பின்னே யானை படுத்தாற்போன்ற பாறைமலையும் பார்த்தோர் நெஞ்சில் நிற்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த அப்பாறை, மார்கழி இரவில் நெடுநேரம் கழித்துத்தான் குளிரும். குளிர்ந்த பின்னரோ விடியற்காலையில் வயல்வெளிக் காற்று அதன் பக்கமாக ஊருக்குள் இறங்கும். வெப்பமானியை நோக்கினால் 20 பாகை அளவில்தான் நிற்கும். இமயத்தார் கேட்டால் இதனையா குளிர் என்கிறீர்கள் என்பார்கள். ஆயினும் எம் அப்பத்தாவுக்கு வயது 82. முதுமையில் தோல் மெலிந்து, தோலடிக் கொழுப்புக் குறைந்து, உடல் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் தளர்ந்துபோகின்றது. பத்தொன்பது வயதினராகிய எமக்குத் தென்றலாய்த் தோன்றுவது அவருக்கு வாடையாய்த் தாக்குகின்றது. மார்கழி பிறந்தால் இரவு இரண்டு மணிக்கே விழித்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து உட்கார்ந்துவிடுவார். கீதபவனிப் பிள்ளைகள் எங்கள் தெருவுக்கு வரும் இரவில் அவர் விழித்திருப்பதைக் கண்டு பாட்டுக்காக விழித்திருக்கின்றார் என்று எல்லாரும் மகிழ்வர். மற்ற இரவுகளிலும் அவர் அப்படியே விழித்திருப்பதை வீட்டார் மட்டுமே அறிவோம்.

அவரிடம் ஸ்வெட்டர் இல்லாமல் இல்லை. தலைவழியே மாட்டும் செயற்கை இழைச் சட்டையொன்று இருந்தது. வலத்தோளைத் தூக்க இயலாமற்போன நாள்முதல் அது பெட்டியிலேயே கிடக்கின்றது. முன்புறம் திறந்து பொத்தானிடும் சட்டையே அவருக்கு ஏற்றது. அத்தகைய சட்டையைக் கார்டிகன் என்பர். இப்பெயர் வந்த வரலாறு சுவையானது. கிரிமியப் போரில் 1854 அக்டோபர் 25 அன்று பாலக்ளாவா என்னுமிடத்தில் இங்கிலாந்தின் குதிரைப்படையை நடத்திச் சென்ற ஏழாம் கார்டிகன் பிரபுவின் பெயரே இச்சட்டைக்கு வழங்குகின்றது. நம் ஊரில் குரங்குக் குல்லாய் என்று சொல்லப்படும் தலைக்கம்பளிக்கோ அப்போர்க்களத்தின் பெயரே ஆங்கிலத்தில் வழங்குகின்றது. குதிரைப்படை அழிவுற்ற அப்போர் உலகுக்கு விட்டுச் சென்ற நற்பொருள்களுள் முதியோரைக் காக்கும் இவ்விரண்டும் அடங்கும் போலும்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் காஷ்மீரத்து வணிகர் கடைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றிலேதான் அச்சட்டையைக் கண்டோம். நிறம் பழுத்த பாக்கின் நிறம். கையில் எடுத்தால் எடை தோன்றவில்லை. கன்னத்தில் வைத்தால் கம்பளியின் உறுத்தல் சிறிதுமில்லை. கடைக்காரர் எம்மை மாணவர் என்று அறிந்தும் இகழாது, தேநீர் கொடுத்து, பொறுமையுடன் விளக்கினார். விலையைக் கேட்டவுடன் மட்டும் எம் கை தானாகவே சட்டையைப் பலகைமேல் வைத்துவிட்டது. மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்து ஈராண்டுகளில் யாம் சேர்த்து வைத்திருந்தது ரூ.18,000. முதுகலை வகுப்பிற் சேருங்கால் கட்டணத்துக்கு உதவும் என்று வைத்திருந்த பணம் அது.

விலை ஏன் இத்துணை மிகுதி என்பதை முதலில் ஆராய்ந்தோம். லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலம் கடல்மட்டத்துக்கு மேல் 4,000 மீட்டருக்கும் உயர்ந்தது. குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே முப்பது பாகையையும் கடந்து இறங்கும். அங்கே சாங்பா என்னும் நாடோடி இடையர் வளர்க்கும் வெள்ளாடுகளுக்கு, முரட்டு மேல்மயிரின் அடியில், பஞ்சுபோன்ற உள்மயிர் ஒன்று குளிரைத் தாங்குவதற்கென வளர்கின்றது. வேனில் தொடங்கியதும் அது தானே உதிரத் தலைப்படும். அக்காலத்தில் சீப்பினால் வாரி எடுப்பர். இழையின் குறுக்களவு 12 முதல் 16 மைக்ரான் வரை. மனிதர் தலைமயிரோ ஏறத்தாழ 70 மைக்ரான். ஓர் ஆடு ஓராண்டில் தருவது இருநூறு கிராமுக்கு உட்பட்டதே. அதிலும் முரட்டு மயிரை நீக்கினால் எஞ்சுவது இன்னும் குறைவு. எனவே ஒரு சட்டைக்கு மூன்று நான்கு ஆடுகளின் ஓராண்டு விளைவு வேண்டும். பாரசீகத்தில் கம்பளியைக் குறிக்கும் பஷ்ம் என்ற சொல்லிலிருந்து பஷ்மினா என்னும் பெயரும், அதனை மேலைநாட்டார் வாங்கிய காஷ்மீரத்தின் பெயரால் காஷ்மீர் என்னும் பெயரும் ஏற்பட்டன.

ஆயினும் பெயரை நம்பி விலை கொடுத்தல் கூடாது. உலகத்திற் கிடைக்கும் இவ்வகை மயிரில் பெரும்பகுதி சீனத்திலிருந்தும், அதற்கடுத்து மங்கோலியாவிலிருந்தும் வருகின்றது. இந்தியாவின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. காஷ்மீரப் பஷ்மினாவுக்கு 2008-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அக்குறியீடு கையால் நூற்றுக் கையால் நெய்த துணிக்கு உரியது. எந்திரத்திற் பின்னிய சட்டைக்கு அது பொருந்தாது. மேலும், காஷ்மிலான் என்று நம் அன்னையர் வாங்கிப் பின்னிய நூல், பெயரளவில் காஷ்மீரத்துக்கு உறவினதாயினும், உண்மையில் ஆலையிற் செய்த செயற்கை இழையே. நுனியிலே ஓரிழையை உருவிக் கொளுத்தினால் செயற்கை இழை உருகி மணியாகும். உயிர்மயிர் மயிர் கருகும் நாற்றத்தோடு பொடியாகும். இச்சோதனை செயற்கையை விலக்கிக் காட்டுமேயன்றி, செம்மறியாட்டு மயிரையும் இவ்வெள்ளாட்டு மயிரையும் வேறு பிரித்துக் காட்டாது. அதற்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். வாங்குவோர் கையில் அஃது இல்லை. விற்போர் சொல்லே உள்ளது.

இனி, கணக்கு. நன்கு பேணினால் இச்சட்டை பத்துக் குளிர்காலம் உழைக்கும் என்று கடைக்காரர் சொன்னார். ஆண்டுக்குத் தொண்ணூறு நாள் என்று கொண்டால் தொள்ளாயிரம் நாள். ரூ.14,500-ஐ அதனால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூ.16. ரூ.600-க்கு விற்கும் செயற்கைச் சட்டை ஈராண்டு உழைத்தால் நாளொன்றுக்கு மூன்று ரூபாய் சொச்சம். ஐந்து மடங்கு வேறுபாடு. ஆயினும் ஐந்து மடங்கு இதமும் தருமாயின் ஒப்புக்கொள்ளத் தக்கதே என்று எண்ணினோம். எண்ணிக்கொண்டே வந்த எம் எழுதுகோல் ஓரிடத்தில் நின்றது. பத்துக் குளிர்காலம் என்று தாளில் எழுதிவிட்டோம். 82-ஓடு பத்தைக் கூட்டினால் 92. அப்பத்தாவுக்கு இன்னும் எத்தனை மார்கழி என்று வகுத்துப் பார்க்கும் கணக்கன்றோ இது! விலைபேசும் நூல்களில் இக்கணக்கு மிக அறிவுடைய கணக்காகத் தோன்றும். பொருள் நம்மினும் நெடுநாள் இருக்குமாயின், நாட்களால் வகுப்பது பொருளைப் பற்றிய கணக்காயிராது. நம்மவரைப் பற்றிய கணக்காகிவிடும். அன்றைக்கு அத்தாளை மடித்து வைத்துவிட்டோம்.

கணக்குக் கைவிட்டமையால் இலக்கியத்தை நாடினோம். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், உலகம் முழுதும் ஆளும் அரசனாயினும் விலங்கின் பின் ஓடும் வேடனாயினும், உண்ணும் அளவும் உடுக்கும் ஆடையின் எண்ணிக்கையும் ஒன்றே. மிகுந்த செல்வத்தின் பயன் கொடுத்தலே என்னும் கருத்தைப் புறநானூற்றிலே உரைத்தார். இரண்டு அங்கி உடையவன் இல்லாதவனோடு பங்கிடவேண்டும் என்று யோவான் ஸ்நானகன் போதித்ததும் இதனோடு ஒப்ப நோக்கத்தக்கது. அவர் தாம் உடுத்தியதும் முரட்டு ஒட்டகமயிர் ஆடையே. இன்னும், எவ்வளவு ஆடை போதும் என்னும் வினாவுக்கு மதுரை மாநகரம் விடையாகவே நின்ற நாள் ஒன்றுண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியிலே தாம் தங்கிய வீட்டிலிருந்து, சட்டையும் குல்லாயும் நீத்து, முழத்துண்டை மட்டும் உடுத்தவராய் மகாத்மா காந்தி வெளிப்பட்டார். எளியோர்க்கு இல்லாத ஆடை தமக்கு வேண்டாம் என்பது அவர் உறுதி. எனினும் 1931-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றபோது, அக்குளிரில் அவர் மேலே சால்வை போர்த்திருந்தார். ஆடம்பரத்தைத் துறத்தல் வேறு, குளிரிலே உடம்பைக் காத்தல் வேறு என்பதை அவர் அறியாதவரல்லர்.

எம் ஊர் மலையோ இன்னும் ஒரு படி மேலே நிற்கின்றது. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் கண்டிருப்பீர்கள். திசைகளையே ஆடையாகக் கொண்டவர் என்னும் பொருளில் திகம்பரர் எனப்பெற்ற துறவியர் இம்மலையில் வாழ்ந்தனர். மார்கழிக் காற்று அவர்கள் மேலும் வீசியிருக்கும். அச்சணந்தி என்னும் சமணப் பெரியாரின் தாயார் குணமதியார் ஒரு திருமேனியைச் செய்வித்தார் என்று இம்மலைக் கல்வெட்டொன்று வட்டெழுத்தில் கூறுகின்றது. ஆடையையும் துறந்துவிட்ட மகனுக்கு ஒரு தாய் எதனைக் கொடுக்க இயலும்? போர்வை கொடுத்தால் அவர் ஏலார். பொன் கொடுத்தால் தொடார். அவர் மதித்த ஒன்றையே கல்லிற் செய்து வைத்தார் அத்தாயார். கொடுப்போர் விருப்பத்தை அளவாகக் கொள்ளாமல் பெறுவோர் இயல்பை அளவாகக் கொண்ட கொடை அது என்று யாம் கருதுகின்றோம்.

இதற்கு மறுதலையாகப் பேகன் கதை நினைவுக்கு வந்தது. பழனிமலைத் தலைவனாகிய அவ்வள்ளல் மயிலுக்குப் போர்வை ஈந்தான். மயில் உடுத்தாது, போர்த்தாது என்பதை அறிந்தும் ஈந்தான் என்று பரணர் அவனைப் புகழ்கின்றார். கொடைமடம் என்று உரைகாரர் அதனைப் போற்றுவர். ஆனால் அதே புறநானூற்றிலே, பேகனால் நீக்கப்பெற்ற அவன் மனைவி கண்ணகி கண்ணீர் விட்டு நிற்பதைக் கண்டு, கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவனிடம் இரந்து பாடிய பாட்டுக்களும் உள்ளன. பரிசில் வேண்டா, அவள் துயரைத் தீர் என்பதே அவர்கள் வேண்டுகோள். காட்டு மயிலின் குளிர் தெரிந்த கண்ணுக்கு வீட்டிலிருந்த நடுக்கம் தெரியவில்லை. விலையுயர்ந்த கொடை எல்லாம் அன்பின் அளவைக் காட்டிவிடும் என்று நம்புவோர் இவ்விரு வகைப் பாட்டுக்களையும் சேர்த்துப் படித்தல் நன்று. நாம் வாங்கப்போவது மயிலுக்கா, கண்ணகிக்கா என்று எம்மை யாமே வினவிக்கொண்டோம்.

இந்நிலையில் எம் பேராசிரியையார் ஒருவர் வழிகாட்டினார். எம் குழப்பத்தைக் கேட்டுப் புன்னகைத்து, "நூல்களைக் கேட்டீர்கள், கடைக்காரரைக் கேட்டீர்கள், உடுக்கப்போகிறவரைக் கேட்டீர்களா?" என்றார். பல ஆண்டுகளுக்கு முன் தாம் வெளிநாட்டில் வாங்கிய காஷ்மீரச் சட்டையொன்றை மறுநாள் தாளிற் பொதிந்து கொண்டுவந்து தந்தார். முழங்கையில் ஒரு தையல் தவிர அதற்குக் குறையொன்றுமில்லை. நெடுநாள் உழைக்கும் என்னும் சொல்லுக்கு அதுவே சான்று. அதனோடு, கொடைக்கானலில் இருக்கும் எம் ஒன்றுவிட்ட சகோதரியிடமிருந்து மெரினோ என்னும் மென்செம்மறி மயிராலாகிய சட்டையொன்றையும் வருவித்தோம்.

முதல் மூன்று இரவும் அப்பத்தா காஷ்மீரச் சட்டையை அணிந்தார். அணியுமுன் இரு கைகளாலும் தடவிப் பார்த்து, "பூனைக்குட்டியைத் தூக்கின மாதிரியில்ல இருக்கு" என்றார். ஆட்டு மயிர் என்று சொன்னோம். அவர் நம்பவில்லை. சிறுமியாய் இருந்தபோது இம்மலையடியிலே ஆடு மேய்த்தவர் அவர். வெள்ளாட்டு மயிரின் முரட்டுத்தனம் அவர் கை அறியாததன்று. குளிர்மலை ஆட்டுக்கு உள்ளே வேறொரு மயிர் உண்டு என்று விளக்கியதும் அவர் கேட்ட முதற்கேள்வி விலையைப் பற்றியதன்று. "மயிரை எடுத்துட்டா அந்த ஆட்டுக்குக் குளிராதாய்யா?" என்றார். வேனிலில் தானே உதிர்வதை வாருவார்கள் என்றோம். "அப்பச் சரி" என்று அணிந்துகொண்டார். பல நூல்களைப் புரட்டிய எமக்கு அக்கேள்வி தோன்றவில்லை. மங்கோலியாவில் மயிருக்காக ஆடுகளைப் பெருக்கியதால் மேய்ச்சல்நிலம் நலிகின்றது என்று அறிஞர் கவலையுறுவதைப் பின்னர்ப் படித்தபோது, அப்பத்தாவின் கேள்வி ஆட்டோடு நில்லாது நிலத்துக்கும் செல்லும் என்று உணர்ந்தோம்.

அடுத்த மூன்று இரவும் மெரினோச் சட்டை. சோதனையின் பயன் எம் எதிர்பார்ப்புக்கு மாறாயிருந்தது. அப்பத்தா எப்போதும் முழங்கைவரை நீண்ட பருத்திச் சட்டையும் அதன்மேற் சேலையும் அணிபவர். எனவே கம்பளி அவர் தோலைத் தொடுவது கழுத்திலும் மணிக்கட்டிலும் மட்டுமே. அவ்விடங்களில் மெரினோவும் உறுத்தவில்லை. இரண்டுக்கும் வேறுபாடு உண்டா என்று கேட்டோம். "அது பூனை, இது முயல்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. ஆனால் ஆறு இரவுகளிலும் இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டார். ஏழாம் நாள் காலை, காப்பிக் குவளையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவரே சொன்னார்: "மேலுக்கெல்லாம் சொகமாத்தான் இருக்கு, ராசா. குளிரு கீழேயிருந்தில்ல ஏறுது."

அச்சொல்லைக் கேட்டு யாமும் எம் தந்தையாரும் ஒருவரையொருவர் நோக்கினோம். தாத்தா இறந்த நாள்முதல் அப்பத்தா வீட்டினுள்ளே படுப்பதில்லை. தாத்தா படுத்திருந்த தாழ்வாரத்திலேயே பாய் விரித்துப் படுப்பார். அதனை மாற்ற யாரும் முயன்றதுமில்லை, முயலவும் தகாது. ஆனால் அத்தாழ்வாரத்துத் தரை சிமெண்டுத் தரை. பாய் எத்துணைக் கனமுடையது? இரவெல்லாம் அத்தரை அவர் உடம்பின் சூட்டை வாங்கிக்கொண்டேயிருக்கும். மேலே எந்நாட்டு ஆட்டின் மயிரைப் போர்த்தாலும் கீழே போகும் வெப்பத்தை அது தடுக்கமாட்டாது. நோய்முதல் நாடவேண்டும் என்பது மருத்துவர்க்கு மட்டும் உரிய நெறியன்று. பொருள் வாங்குவோர்க்கும் உரியதே.

கம்பளி தானே சூட்டை உண்டாக்குவதில்லை. நுண்ணிய இழைகளுக்கிடையே அசையாது தங்கும் காற்றே சூட்டைக் காக்கின்றது. வெள்ளாட்டின் உள்மயிர் அதனை மிக நன்றாகச் செய்கின்றது. அதே வேலையைச் செய்யும் பொருளொன்று நம் பக்கத்திலேயே விளைகின்றது. தேனி, போடி வட்டாரத்து இலவம்பஞ்சுதான் அது. இலவின் இழை உட்புறம் குழலாக இருந்து காற்றை அடக்கி வைத்துக்கொள்கின்றது. ஆகவேதான் இலவ மெத்தை எடையின்றியும் இதமாயும் இருக்கின்றது. இலவு காத்த கிளி ஏமாந்தது என்பது பழமொழி. கனியை எதிர்பார்த்த கிளிக்குத்தான் ஏமாற்றம். பஞ்சை நாடி வருவோர்க்கு ஏமாற்றமில்லை.

எனவே எம் முடிபு இவ்வாறாயிற்று. முன் திறக்கும் மெரினோச் சட்டை ஒன்று ரூ.4,200. இலவம்பஞ்சு மெத்தை ரூ.5,200. தாழ்வாரத்தில் இடங்கொள்ளும் அளவுக்குக் குறுகிய கட்டில் ஒன்று ரூ.3,000. ஆகக் கூடுதல் ரூ.12,400. சட்டையின் சிறு பொத்தான்கள் அப்பத்தாவின் வீங்கிய விரல்களுக்கு அடங்கவில்லை. எம் ஊர்த் தையற்காரர் அவற்றை நீக்கி, பெரிய பொத்தான்களைத் தைத்துத் தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். பழைய சட்டையைப் பேராசிரியையாரிடம் நன்றியோடு திருப்பிக் கொடுத்தோம். எம் தாயாருக்கும் இம்முடிபால் ஓர் ஆறுதல் உண்டு. காஷ்மீரச் சட்டையைக் குளிர்ந்த நீரில் மெல்லக் கசக்கி, பிழியாது, நிழலிற் பரப்பி உலர்த்தவேண்டும். எங்கள் வீட்டுத் துவைகல்லை அது ஒருமுறை கண்டால் போதும், அதன் ஆயுள் முடிந்துவிடும். மெரினோவுக்கும் பேணுதல் வேண்டுமாயினும், ரூ.14,500-ஐக் கையிற் பிடித்துக்கொண்டு துவைக்கும் அச்சம் அதிலில்லை. கம்பளியை அரிக்கும் பூச்சி இரண்டையும் ஒப்ப விரும்புமாதலின், வேப்பிலைச் சருகு பெட்டியில் இட்டிருக்கின்றோம்.

இதனால், காஷ்மீரச் சட்டை விலைக்குத் தகாதது என்று யாம் சொல்லுவதாக எவரும் கொள்ளற்க. உறைபனியில் ஆடு மேய்ப்போர்க்கும், இழையிழையாய் நூற்போர்க்கும் நியாயமான கூலி சேருமாயின் அவ்விலை மிகையன்று. வெறுந்தோலின்மேல் கம்பளி அணியவேண்டிய குளிர்நாட்டார்க்கும், எவ்வகைக் கம்பளியும் பொறுக்காத தோலினர்க்கும் அது தகுந்த பொருளே. கையிருப்பு மிக்கோர் அதன் மென்மைக்காகவே வாங்கினாலும் யாம் குறைகூறோம். மென்மையும் ஒரு நன்மையே. அப்பத்தா பூனைக்குட்டி என்று சொன்னபோது அவர் முகத்திற் கண்ட மகிழ்ச்சியை முயல் தரவில்லை என்பதையும் மறைக்காது எழுதுகின்றோம். அம்மகிழ்ச்சிக்கு ஒரு விலை உண்டு. அதனை எந்தக் கணக்கிலும் எழுதத் தெரியவில்லை. ஆயினும் இரண்டு மணிக்கு விழித்திருப்பவர்க்கு முதலில் வேண்டுவது உறக்கம்.

கட்டில் வந்து இறங்கிய நாளில் அப்பத்தா அதனை ஏற இறங்கப் பார்த்தார். "தாத்தா பக்கத்துல போடாதே, அந்தச் செவரோரமாப் போடு" என்றார். போட்டோம். மார்கழி முடியும் மட்டும் ஒவ்வோரிரவும் இரண்டு மணிக்கு யாம் விழித்துத் தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தோம். முதல் இரவு விழித்திருந்தார். உயரத்திற் படுத்துப் பழக்கமில்லை என்றார். இரண்டாம் இரவு உறங்கினார். பின்னும் உறங்கினார். கீதபவனி வந்த இரவில் கைவிளக்கும் கஞ்சிராவுமாகப் பிள்ளைகள் வாசலில் வந்து பாடிய பின்னரே எழுந்தார். தம்மை முன்னரே எழுப்பாததற்காக எம்மைக் கடிந்துகொண்டு, பெரிய பொத்தான்களைத் தாமே ஒவ்வொன்றாய் இட்டு, வாசலுக்கு நடந்தார்.

மிச்சமுள்ள ரூ.5,600 அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்காக அஞ்சலகத்தில் இருக்கின்றது. அந்தப் பழுத்த பாக்கு நிறச் சட்டை தைமாத முடிவில் கடையில் இல்லை. யாரோ வாங்கிச் சென்றுவிட்டார்கள்.